சுகப்பிரசவமா, சிசேரியனா: எந்த மாதத்தில் எதை முடிவு செய்வது? சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு ஒன்பதாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. அதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும். எந்த ஆஸ்பத்திரி, அங்கே ராத்திரியில் யார் இருப்பார்கள், போன பிரசவத்தின் காகிதம் எங்கே, வீட்டிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பவைதான் பாதையைத் தீர்மானிக்கின்றன. பிரசவ அறை வாசலில் கையெழுத்துப் போடும்போது தேர்ந்தெடுக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

கிராம சுகாதார செவிலியராக மலையிலும் கீழேயும் வேலை பார்த்தவள் நான். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தை முதலில் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறவர்கள்தான் அதிகம்.

1. பன்னிரண்டு வாரத்துக்குள்: பதிவு, தேதி, பழைய காகிதம்

முதல் வேலை பிக்மி பதிவு, அதாவது கர்ப்பத்தை அரசுக் கணக்கில் பதிந்து ஒரு எண் வாங்குவது. உங்கள் பகுதி நர்ஸிடம் சொன்னால் போதும். 102-க்கு அழைத்தும் பதியலாம். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய நேரும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் சிக்கலாகும்.

அடுத்தது தேதி. முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் தேதிதான் ஓரளவு நம்பகமானது. பிறகு எடுக்கும் ஸ்கேன்கள் குழந்தையின் அளவை வைத்துக் கணக்கிடுவதால் ஒவ்வொன்றிலும் ஒரு தேதி வரும். ஏழாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து "தேதி முன்னாடி வந்துடுச்சு" என்று பதறுவது நான் அடிக்கடி பார்த்த பிழை. முதல் தேதியை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள். "தேதி தாண்டிவிட்டது, ஆபரேஷன்தான்" என்ற பேச்சு வரும்போது எந்தத் தேதி தாண்டியது என்று கேட்க அது உதவும். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. தாயும் சேயும் நன்றாக இருந்தால் 41 வாரம் வரை கண்காணிப்போடு காத்திருப்பது வழக்கமான மருத்துவமே.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இப்போதே ஏற்றத் தொடங்குங்கள். சிசேரியனில் போகும் ரத்தம் சராசரியாக சுகப்பிரசவத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஒன்பதாம் மாதத்தில் 8-ஐ 11 ஆக்க நேரம் போதாது.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போதே தேடி எடுங்கள். அம்மா வீட்டு பீரோவில் இருக்கும். ஏன் என்பதை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

2. ஐந்து, ஆறாம் மாதம்: நீங்கள் எந்தப் பக்கம்?

சிசேரியன் செய்தே ஆக வேண்டிய நிலைமைகள் சில உண்டு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருப்பது, கடைசி வாரங்களிலும் குழந்தை குறுக்கே படுத்திருப்பது, முந்தைய ஆபரேஷனில் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டியிருப்பது, இரட்டையில் முதல் குழந்தையின் தலை கீழே இல்லாதது போன்றவை. இவற்றில் ஒன்று உறுதியானால் தயங்க வேண்டாம். சுகப்பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டு காத்திருப்பது இங்கே ஆபத்து.

இப்படி எதுவும் இல்லாதவர்களில் பெரும்பாலோர் சுகப்பிரசவத்துக்குத் தயாராகலாம். வலி வந்த பிறகு நிலைமை மாறலாம். அது வேறு கணக்கு.

தடுமாற்றம் வருவது நஞ்சுக்கொடி விஷயத்தில்தான். 20-வது வார ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கு" என்று வந்ததும் அன்றே சிசேரியன் என்று முடிவுகட்டி, படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானோருக்கு நஞ்சு மேலே போய்விடும். 32-வது வாரமும், அப்போதும் கீழேயே இருந்தால் 36-வது வாரமும் திரும்பப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இடையில் ரத்தம் பட்டால் மட்டும் அந்த நிமிடமே கிளம்புங்கள், வலி இல்லாவிட்டாலும்.

3. காரணம் போலத் தெரிகிறவை

ஆஸ்பத்திரிக்கு வெளியே, டீக்கடையில், கல்யாண வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் இவை. சில சமயம் ஆஸ்பத்திரிக்குள்ளேயும் சொல்லப்படுகின்றன.

கொடி சுற்றியிருக்கிறது: பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் நர்ஸ் விரலால் எடுத்துவிடுவார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால்தான் கவலை.

தலை பெரிது, எடை அதிகம்: ஸ்கேனில் வரும் எடை மதிப்பீடுதான். கடைசி மாதத்தில் பத்து, பதினைந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். 3.6 கிலோ என்று ரிப்போர்ட்டில் வந்த குழந்தை 3.2-ஆகப் பிறப்பதில் அதிசயம் இல்லை. சர்க்கரை இருக்கும் தாய்க்கு மிகப் பெரிய குழந்தை என்றால் டாக்டர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

இடுப்பெலும்பு குறுகல்: வலி வந்து, குழந்தையின் தலை இறங்குகிறதா என்று பார்க்காமல் இதைச் சொல்வது கடினம். உயரம் குறைந்த எத்தனையோ பெண்கள் சுகமாகப் பெற்றிருக்கிறார்கள்.

கண் பவர் அதிகம், வயது 35 தாண்டிவிட்டது, ஐவிஎஃப் குழந்தை: எதுவும் தன்னந்தனியாக ஆபரேஷனுக்குக் காரணமாகாது. 'பிரஷியஸ் பேபி' (விலைமதிப்பற்ற குழந்தை) என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து சம்மதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் குழந்தைதான் அப்படி இல்லை?

பனிக்குட நீர் குறைவு: எவ்வளவு குறைவு, எத்தனையாவது வாரம், குழந்தை வளர்கிறதா என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பல நேரம் வலி வரவைத்துப் பார்க்க இடம் இருக்கும்.

'அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம்': இரண்டாவது குழந்தைக்கு நம் ஊரில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம் இது. சுகப்பிரசவம் ஆன ஏழு நாளுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டுப் போட்டு அதைச் செய்ய முடியும். அதற்காகக் கர்ப்பப்பையைத் திறக்கத் தேவையில்லை.

நல்ல நேரம்: இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சிசேரியன் தேவை என்று மருத்துவக் காரணத்தோடு உறுதியாகி, 39 வாரமும் நிறைந்தபின், டாக்டர் சொல்லும் இரண்டு மூன்று நாளில் ஒன்றை ஜோசியர் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நட்சத்திரத்துக்காக 37-வது வாரத்துக்கு இழுப்பது வேறு. வலி வராமல், 39 வாரத்துக்கு முன்பே வெட்டி எடுக்கும் குழந்தைகள் மூச்சு வாங்கி இன்குபேட்டருக்குப் போவது அதிகம். "அத்தை, நட்சத்திரம் நல்லா இருக்கட்டும், குழந்தை நம்ம மடியில இருக்கட்டுமா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கட்டுமா?" என்று ஒரு மருமகள் கேட்டதும் மாமியார் பஞ்சாங்கத்தை மூடினார்.

4. ஆறாம் மாதம்: ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பதே பாதித் தேர்வு

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. ஒரே மாதிரி உடல் உள்ள பெண்கள் இரண்டு வாசலில் நுழைந்தால் இரண்டு விதமாக வெளியே வர வாய்ப்பு உண்டு என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்குச் சுற்றுவட்டாரச் சிக்கல்கள் எல்லாம் வந்து சேரும். அங்கே சதவீதம் கூடத்தான் இருக்கும்.

சதவீதத்துக்குப் பதில் இவற்றைக் கேளுங்கள்.

மயக்க டாக்டர் ராத்திரியிலும் இருப்பாரா, கூப்பிட்டால் வருபவரா? முதல் கேள்வி இதுதான். சின்ன நர்ஸிங் ஹோம்களில் மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் வந்தால் சமாளிக்க முடியாது என்ற பயத்தில், மாலை ஆறு மணிக்கே "இனி காத்திருக்க வேண்டாம்" என்ற முடிவு வரும். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத இடத்தில் காத்திருக்கவும் முடியாது.

அடுத்து, ரத்தம் எங்கிருந்து வரும், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ளேயே உண்டா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை விடுவார்களா? கூடவே தெரிந்த ஒருவர் இருக்கும் பெண்களுக்கு சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஒரு பெண்ணைத் துணைக்கு அனுமதிக்கும் நடைமுறை உண்டு, கேட்டு வாங்க வேண்டும். வலி குறைக்க முதுகில் ஊசி போடும் வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். அந்த ஊசியால் சிசேரியன் கூடுவதில்லை.

கட்டணத்தை இரண்டாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு என்று. இன்சூரன்ஸை நம்பியிருப்பவர்கள் மகப்பேறுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாலிசியைப் பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் சிசேரியனும் இலவசம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் ஒரு சிக்கல் வரும். ஏழாம் மாதம் வரை சேலத்தில் ஒரு டாக்டர், வளைகாப்பு முடிந்ததும் வேறு ஊரில் வேறு டாக்டர். புதியவருக்கு உங்களைத் தெரியாது, சந்தேகம் இருந்தால் கத்தியை எடுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. அதனால் வளைகாப்புக்கு முன்பே ஒருமுறை அந்த ஊர் டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் உங்களோடு போகட்டும், மாமியார் வீட்டில் பாதி, அம்மா வீட்டில் பாதி என்று வேண்டாம்.

5. முதல் பிரசவம் சிசேரியன் என்றால்

"ஒருமுறை வெட்டினால் எப்போதும் வெட்டு" என்பது பழைய பேச்சு. ஒரே ஒரு சிசேரியன், அதுவும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால், முயற்சி செய்பவர்களில் நான்கில் மூன்று பேர் வரை சுகமாகப் பெறுகிறார்கள். பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு. சின்ன எண் மாதிரி தெரியும், நடந்தால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும். அதனால் 24 மணி நேரமும் தியேட்டர், ரத்தம், மயக்க டாக்டர் உள்ள இடத்தில் மட்டுமே இந்த முயற்சி.

டிஸ்சார்ஜ் சம்மரி இங்கேதான் வேண்டும். வயிற்றுத் தழும்பு குறுக்கே இருப்பதால் உள்ளேயும் குறுக்கே வெட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காகிதம் இல்லாவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் முயற்சிக்கு ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொள்ளாததும் நியாயமே. முதல் முறை எதற்காகச் செய்தார்கள் என்பதும் முக்கியம். குழந்தை தலை கீழே இல்லாமல் திரும்பியிருந்ததால் செய்தது என்றால் இந்த முறை வாய்ப்பு நன்றாக இருக்கும். இரண்டு பிரசவத்துக்கும் இடையில் ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் ஆபத்து கூடும்.

எத்தனை குழந்தை வேண்டும் என்று கணவனும் மனைவியும் பேசாமல் இந்த முடிவை எடுப்பது தவறு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. இந்தக் குழந்தையோடு போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு கனமில்லை.

6. மலையில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு

நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ இருக்கும் பெண்ணுக்குச் சேலம் அஸ்தம்பட்டிக்காரியின் திட்டம் பொருந்தாது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. வடகிழக்குப் பருவமழையில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தெரியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் வாரக்கடைசி என்றால் சுற்றுலா வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கும், சில நாள் குப்பனூர் வழியை இறங்கும் வழியாக மாற்றிவிடுவார்கள். பிரசவத் தேதி எந்த மாதத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பிறகு 108 வண்டி உங்கள் ஊர் வரை வருமா, எங்கே நிற்கும், அங்கே வரை நடந்தால் எவ்வளவு நேரம் என்று பகலில் ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள். எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவரின் எண்ணும் கையில் இருக்கட்டும். செல்போன் டவர் எடுக்கும் இடம் எது என்பதும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பிரசவம், முந்தைய சிசேரியன், பிபி, நஞ்சு கீழே, குழந்தை திரும்பியிருப்பது: இவற்றில் எது இருந்தாலும் 36, 37-வது வாரத்திலேயே கீழே இறங்கிவிடுங்கள். கன்னங்குறிச்சியிலோ கோரிமேட்டிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கலாம். இல்லாதவர்கள் நர்ஸிடம் பிரசவக் காத்திருப்பு அறை பற்றிக் கேளுங்கள். மலைப்பகுதிப் பெண்களுக்காகவே இது அரசு ஏற்பாட்டில் உண்டு. "ஆட்டுக்குத் தழை போட ஆளில்லை" என்பதற்காகக் கடைசி வாரம் வரை மேலே இருந்துவிட்டு, வளைவில் வண்டிக்குள் பெற்றவர்கள் உண்டு.

இறங்கி வர முடியும் என்றால், தூரத்தைக் காரணம் காட்டி முன்கூட்டியே சிசேரியன் கேட்க வேண்டியதில்லை. சிசேரியனுக்குப் பிறகு மலைக்குத் திரும்புவது லேசும் இல்லை. ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. குடத்தில் தண்ணீர் சுமந்து மேடேறும் வீட்டில், நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், அந்த ஆறு வாரத்துக்கு யார் கை கொடுப்பார்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

7. முப்பத்தாறாவது வாரம்: உட்கார்ந்து பேசும் நாள்

இந்த ஒரு செக்கப்புக்குக் கணவரோ அம்மாவோ கூட வரட்டும். குழந்தையின் தலை கீழே இருக்கிறதா? இல்லையென்றால் வெளியிலிருந்து வயிற்றை அழுத்தித் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். இந்த முயற்சி ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும், ஆபரேஷன் வசதி உள்ள இடத்தில் டாக்டர் மட்டுமே செய்ய வேண்டும். ஊர்ப் பாட்டி எண்ணெய் தேய்த்துத் திருப்புவதற்கு விடாதீர்கள். நஞ்சு பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

வலி பயத்தால் நீங்களே சிசேரியன் விரும்பினால் வெட்கப்படாமல் இந்த நாளில் சொல்லுங்கள். முதலில் வலிக்கான வழிகளைக் கேளுங்கள், பிறகும் மனம் மாறவில்லை என்றால் 39 வாரத்துக்கு முன் வேண்டாம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலை உண்டு. சுகப்பிரசவத்தில் கிழிசல், தையல், சிலருக்குப் பிறகு தும்மினால் சிறுநீர் கசிவு. சிசேரியனில் ரத்தப்போக்கு, புண் சீழ்பிடித்தல், காலில் ரத்தம் உறைதல், அடுத்த கர்ப்பத்தின் சிக்கல். முதுகில் போடும் ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி என்பதற்கு ஆதாரம் இல்லை.

8. வலி வந்த பிறகு

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாக விடாமல் வந்தால் கிளம்பலாம். மலையில் இருப்பவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஒழுங்காக வலி வரத் தொடங்கியதும் இறங்குங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ யாராக இருந்தாலும் உடனே.

சீக்கிரமே போய்ப் படுத்துக்கொள்வது கீழே இருப்பவர்கள் செய்யும் பிழை. கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் திறந்திருக்கும்போது போய்ச் சேர்ந்தால், பத்து மணி நேரத்தில் எல்லோரும் களைத்து "இன்னும் திறக்கலையே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டலில் உண்மையான பிரசவ வலியின் கணக்கே ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது என்றும் அதில் உள்ளது. முதல் பிரசவத்தில் ஐந்துக்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.

டாக்டர் சிசேரியன் என்று சொன்னால் மூன்று கேள்வி போதும். என்ன காரணம்? குழந்தையின் துடிப்பு இப்போது எப்படி? இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தால் என்ன ஆகும்? பொறுக்க நேரம் இருந்தால் பதில் சொல்வார். துடிப்பு இறங்கிவிட்டது, கொடி வெளியே வந்துவிட்டது, ரத்தம் கொட்டுகிறது என்றால் கேள்வி வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். ஆறாம் மாதம் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டு வைத்த கேள்விகள் எல்லாம் இந்த நிமிடத்தில் தயங்காமல் நம்புவதற்காகத்தான். "பெரியப்பா ஆத்தூர்லேர்ந்து வரட்டும், கேட்டுட்டுச் சொல்றோம்" என்று அரை மணி நேரம் கழிப்பது இங்கே நடக்கும் மிகக் கொடிய பிழை.

கையெழுத்து பெண்ணுடையது. வயதுவந்த, நினைவோடு இருக்கும் பெண்ணின் சம்மதமே முதன்மை. நோயாளியின் சொந்தச் சம்மதம் இல்லாமல், அம்மாவின் சம்மதத்தை மட்டும் வாங்கிச் செய்த ஆபரேஷனை 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கணவரின் கையெழுத்தையும் ஆஸ்பத்திரி கேட்கும், போடட்டும். ஆனால் அவர் வழியில் இருக்கிறார் என்பதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

9. வீட்டுக்குக் கிளம்பும் முன்

சிசேரியன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று படுக்கையில் இருக்கும்போதே பாருங்கள்: என்ன காரணத்துக்காக, கர்ப்பப்பையில் எந்த வகை வெட்டு, எத்தனை சென்டிமீட்டர் திறப்பு வரை போனது. விட்டுப்போயிருந்தால் டியூட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர்கள், குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டார்களா என்றும் கேளுங்கள். காகிதத்தைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வைத்துவிட்டு, அசலை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போடுங்கள்.